சால்வை வேண்டாம், மண்வெட்டி போதும்: வேலூரில் எல்லா மதத்தாரும் சேர்ந்து காலநிலை வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

வேலூரில் மத நல்லிணக்கம் என்றாலே நமக்குப் பழகிய வடிவம் ஒன்றுதான். ஒரு மண்டபம், ஒரு மேடை, ஒரு குருக்கள், ஒரு இமாம், ஒரு போதகர், மூன்று சால்வை, ஒரு மரக்கன்று, நிறைய போட்டோ. அடுத்த வாரம் அந்தக் கன்றை ஆடு மேய்ந்திருக்கும். கோட்டைக்குள்ளேயே கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கிற ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிக்கிறோம். சேர்ந்து ஒரு வரத்துக்கால்வாயைத் தூர்வாருவோமா என்று கேட்டால் மட்டும் ஆளைக் காணோம்.

நான் சொல்லப்போகும் முறை இதற்கு நேர் எதிர். முதலில் கைவேலை, பிறகுதான் பேச்சு. இறைவனைப் பற்றி ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தண்ணீர், வெயில், குப்பை இந்த மூன்றில் ஒத்துப்போனால் போதும்.

ஏன் இந்த ஊருக்கு இது அவசரம் என்பதை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ‘வெயிலூர்’ என்று நாமே கேலி பேசிக்கொள்கிறோம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அதே பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியது. அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆற்றில் வருகிற இடம் இது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. வெயில் அடிக்கும்போது யாரும் யாருடைய மதத்தையும் கேட்பதில்லை. ஆனால் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் பீடி சுற்றும் அம்மாவுக்கும் ஏசி அறையில் இருப்பவருக்கும் அது ஒரே வெயில் இல்லை. இதை மனதில் வைத்துத்தான் மேலே படிக்க வேண்டும்.

1. எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

‘வேலூர் மாவட்ட சர்வமத காலநிலைக் கூட்டமைப்பு’ என்று பெயர்ப்பலகை எழுதக் கிளம்பாதீர்கள். ஒரு ஏரி, அல்லது நான்கைந்து தெரு. அவ்வளவுதான் உங்கள் உலகம். கழிஞ்சூர் ஏரியைச் சுற்றியிருப்பவர்கள் அந்த ஏரியை எடுத்துக்கொள்ளலாம். சைதாப்பேட்டை, கொணவட்டம், சலவன்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் தெருக்கணக்கு சரிப்படும். நடந்து சுற்றிவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத பரப்பாக இருக்கட்டும். அதற்குள் வரும் எல்லா வழிபாட்டு இடங்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய கோயிலை மட்டும் எழுதிவிட்டு முனையிலிருக்கும் கங்கையம்மனை விட்டுவிடக் கூடாது. ஜும்மா பள்ளியை எழுதிவிட்டு சந்துக்குள் இருக்கும் மதரஸாவை மறக்கக் கூடாது. சிஎஸ்ஐ, கத்தோலிக்கம் தவிர, மாடியில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் கணக்கில் வரும். ஞாயிறு காலை அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

2. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைப் பாருங்கள்

பெரியவர்களின் ஆசி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேலை நடப்பது வேறு ஆட்களால். கோயிலில் செயல் அலுவலரையும் அன்னதானச் சமையல்காரரையும் பாருங்கள். பள்ளிவாசலில் நிர்வாகியான முத்தவல்லி, ஜமாத் செயலாளர், கூடவே தொழுகைக்கு அழைப்பவரும் மோட்டார் போடுபவருமான மோதினார். தேவாலயத்தில் சேகரக் கமிட்டியின் பொருளாளர், பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் தலைவி; கத்தோலிக்கப் பங்கு என்றால் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் பொறுப்பாளர். கரண்ட் பில் கட்டுபவர், தண்ணீர் லாரிக்குப் போன் போடுபவர், பந்தி முடிந்ததும் குப்பையை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்பவர் ஆகியோர்தான் உங்கள் ஆட்கள்.

போகும்போது ‘பருவநிலை மாற்றம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கேளுங்கள். பள்ளிவாசல் என்றால் ஒளு தண்ணீர், அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தண்ணீர். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“பாய், ஒளு செய்யிற தண்ணி எங்க போகுது?”

“சாக்கடைக்குத்தான் தம்பி. வேற எங்க போகும்?”

“பின்னாடி அந்த வேப்பமரத்தடிக்குத் திருப்பி விட்டுடலாமா?”

“விடலாம். ஆனா இமாம்சாப்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். கரண்ட் பில் குறையுமா இதுல?”

“இதுல குறையாது பாய். பில் குறைய வேற வழி இருக்கு, அதையும் சொல்றேன்.”

குறையாததைக் குறையாது என்று சொல்லிவிடுவது முக்கியம். அடுத்த முறை நீங்கள் போனால் நாற்காலி போடுவார்கள்.

3. முதல் கூட்டம்

மூன்று இடத்துக்கும் பொதுவான இடத்தில் வையுங்கள்: பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், டீக்கடை பெஞ்சு எதுவானாலும் சரி. வெள்ளி மதியம், ஞாயிறு காலை, பிரதோஷ மாலை, மஃரிப் எனும் அந்தித் தொழுகை நேரம் ஆகாது. சைவ உணவு போதும், எல்லாரும் சாப்பிடலாம். ரமலானில் பகலில் டீ பரிமாறிக்கொண்டு கூட்டம் நடத்தாதீர்கள். பிரார்த்தனையோடு தொடங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு வேலைக்கு வந்துவிடலாம். ஒருவர் ஜெபிக்க மற்றவர் சங்கடப்படுவதைவிட அது மேல்.

வேதங்களில் சூழலைப் பற்றி என்ன இருக்கிறது என்ற உரைகளை இந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்வேன். விஷயம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2015இல் சூழலுக்காகவே ஒரு சுற்றுமடல் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், எண்ணெய் வள நாடுகள் இந்த நூற்றாண்டின் நடுவுக்குள் பசுங்குடில் வாயு வெளியீட்டை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். இந்து அமைப்புகளின் அறிக்கையும் அந்த ஆண்டே வந்தது. நம் பக்கம் ‘நீரின்றி அமையாது உலகு’ எல்லாருக்கும் பொது. ஆனால் இவை ஒவ்வொன்றும் அவரவர் வீட்டுக்குள் அவரவர் ஆளால் சொல்லப்படும்போதுதான் ஏறும். கையில் ஈச்சங்கன்று இருக்கும்போது உலக முடிவே வந்தாலும் அதை நட்டுவிடு என்ற நபிமொழியை வெள்ளிக்கிழமை பயான் உரையில் இமாம் சொல்லட்டும். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தார் என்பதைப் போதகர் பிரசங்கத்தில் சொல்லட்டும். தலவிருட்சத்தின் கதையைக் குருக்கள் சொல்லட்டும். ஒருவர் மேடையில் இன்னொருவர் போய் உபதேசம் செய்ய ஆரம்பித்தால் அன்றைக்கே பாதிப்பேர் கழன்றுவிடுவார்கள்.

4. கட்டடத்தின் கணக்கைப் பாருங்கள்

அடுத்த வேலை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கக் கணக்கு: ஓராண்டு மின்கட்டணம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் எங்கே போகிறது, வாரத்துக்கு எத்தனை மூட்டை குப்பை. கல்லூரிப் பிள்ளைகளை இதில் இறக்கிவிடுங்கள். ஊரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்குப் பள்ளிவாசல் பையனும் பள்ளிவாசலுக்கு சர்ச் பெண்ணும் போய்க் கணக்கெடுத்தால், கணக்கோடு அறிமுகமும் சேர்ந்து நடந்துவிடும்.

மின்விசிறியில் தொடங்குங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். 40 விசிறி உள்ள ஒரு பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ எல்லாம் ஓடினால் 1,800 வாட் மிச்சம். நாளுக்கு 5 மணி நேரம் ஓடுகிற இடத்தில் அது 9 யூனிட். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் நிரம்பும் தேவாலயத்தில் இந்தச் செலவு திரும்பி வர ரொம்பக் காலம் பிடிக்கும். அங்கே விசிறியைத் தொடாமல் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது புத்திசாலித்தனம். சூரிய மின்தகடு போடலாம். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி மாடி தேவை, நாளுக்குச் சராசரி 4 யூனிட் வரும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் வீடுகளுக்குத்தான், வழிபாட்டு இடங்களுக்கு இல்லை. அது தெரியாமல் கமிட்டியில் வாக்குக் கொடுத்துவிட்டு விழிக்காதீர்கள். பழைய கோயில் என்றால் கோபுரத்துக்கும் விமானத்துக்கும் பக்கத்தில் தகடு வைக்கும் பேச்சே எடுக்க வேண்டாம், மடப்பள்ளி மாடியோ அலுவலக மாடியோ போதும்.

தண்ணீர்க்கணக்கு இன்னும் சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2,000 சதுர அடி மாடியில், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழையில், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,30,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். லாரித் தண்ணீர் விலையில் பெருக்கிப் பார்த்தால் பொருளாளருக்கு உடனே ஆர்வம் வரும். ஒளு தண்ணீரைப் பொறுத்தவரை, குழாயைத் திறந்துவிட்டுச் செய்தால் ஒருவருக்கு 5 லிட்டர் சாதாரணமாகப் போகும். ஜும்மாவுக்கு 300 பேர் என்றால் 1,500 லிட்டர். சோப்பு கலக்காத தண்ணீர் அது. ஒரு தொட்டி, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டி, அங்கிருந்து மரத்தடிக்கு ஒரு குழாய். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்பது நபியின் போதனை என்று இமாமே சொல்லித்தருவார், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை.

5. கோடைக்கு ஒரு பொதுத் திட்டம்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். நீர்மோர்ப் பந்தல் எல்லாரும் போடுகிறோம், அதுவும் நல்லதுதான். ஆனால் வெப்பத்தால் விழுகிறவர் பெரும்பாலும் பந்தலுக்கு வந்து மோர் குடிப்பவர் இல்லை. வீட்டுக்குள் தனியாகக் கிடக்கும் பாட்டி, ஷூ கம்பெனியிலிருந்து நடந்து வரும் பெண், குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர், சாரத்தின் மேல் நிற்கும் சித்தாள்தான் விழுகிறார்.

பங்குனியிலேயே ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் எல்லைக்குள் தனியாக வசிக்கும் முதியவர்கள், சிமெண்ட் ஷீட் வீடுகளில் படுக்கையாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள். ஒவ்வொருவருக்கும் தினம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு ஆள். பார்ப்பவர் வேறு மதமாக இருக்க வேண்டும் என்ற வீம்பெல்லாம் வேண்டாம், யார் வீடு கிட்டத்தில் இருக்கிறதோ அவர்.

பிறகு, பகல் 12 முதல் 4 வரை எந்தக் கட்டடத்தைத் திறந்துவைப்பது என்று முடிவு செய்யுங்கள். தொழுகைக்கூடத்தையோ கருவறை மண்டபத்தையோ கேட்காதீர்கள். தேவாலயத்தின் பாரிஷ் ஹால், கோயிலின் கல்யாண மண்டபம், மதரஸா வகுப்பறை (கோடை விடுமுறையில் காலியாக இருக்கும்) போதும். எல்லாரும் சரி என்று தலையாட்டிய பிறகு இரண்டு கேள்வி வரும். முதல் கேள்வி: கழிப்பறைச் சாவி யாரிடம்? பெண்கள் வர வேண்டுமானால் பூட்டாத, தண்ணீர் வருகிற, உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்று வேண்டும். அது இல்லாத கட்டடத்தை நீங்கள் திறந்துவைத்தாலும் ஆண்கள் சீட்டு விளையாடும் இடமாகத்தான் மாறும். இரண்டாவது கேள்வி: தூய்மைப் பணியாளர் உள்ளே வந்து உட்காரலாமா, அதே டம்ளரில் தண்ணீர் குடிக்கலாமா? வாயால் யாரும் மறுக்க மாட்டார்கள். முகத்தைப் பாருங்கள். மதங்களை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவருவது சுலபம். ஊரையும் காலனியையும் கொண்டுவருவதுதான் கஷ்டம். இது மூன்று மதத்துக்கும் பொருந்தும். ஆகவே முதல் நாளே அவர்களை அழைத்து உட்காரவைத்து, கமிட்டிக்காரர்கள் கூடவே உட்காருங்கள்.

அங்கே இருக்க வேண்டியவை: பானைத் தண்ணீர், பாய், இரண்டு விசிறி, உப்புச்சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளக்க வேண்டும். யாராவது உளறினாலோ மயங்கினாலோ உடம்பு கொதித்தாலோ 108க்குப் போன் செய்துவிட்டு, நிழலில் கிடத்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் அரை மணி நேரம் வந்தால் போதும். வேலூரில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு செவிலியராவது இருப்பார்.

6. திருவிழாக் காலண்டரைக் கையில் எடுங்கள்

மூன்று மதக் காலண்டரையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வேலை தானாக வரிசையில் நிற்கும். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதற்குப் பதில் பழைய பாய், துணிகளைச் சேகரிக்கும் வண்டி. சிவராத்திரிக்கு அடுத்து பாலாற்றில் மயானக் கொள்ளை. மறுநாள் ஆற்றுமணலில் கிடக்கும் பாக்கெட்டுகளையும் பாட்டில்களையும் பொறுக்க எல்லாரும் இறங்கலாம். 2026இல் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் ரமலான் தலைப்பிறையும் ஒரே வாரம். நோன்பும் தவக்காலமும் சேர்ந்து வரும்போது ‘இந்த 40 நாள் ஒரு பழக்கத்தை விடுவோம்’ என்று கேட்பது எளிது. நோன்புக் கஞ்சியை பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள். ஆடிக்கூழுக்கும் அதே விதி. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பவர்கள் டம்ளரைக் கழுவ ஒரு ஆள் போட்டால், காகிதக் கப் மலை குறையும்.

ஆவணியில் பிள்ளையார். ரசாயனச் சாயமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இல்லாத களிமண் சிலை, ஆட்சியர் குறிக்கும் இடத்தில் மட்டும் கரைப்பு. இதை மற்ற மதத்தார் போய்ச் சொல்லவே கூடாது; விழாக் குழு இளைஞர்களே சொல்ல வேண்டும். அதே நியாயம் பக்ரீத் கழிவுக்கும் கல்லறைத் திருநாளின் பிளாஸ்டிக் மாலைகளுக்கும் உண்டு. அவரவர் வீட்டை அவரவர் கூட்ட வேண்டும், தெருவை மட்டும் சேர்ந்து கூட்டலாம். தேவாலயங்கள் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் கொண்டாடுகின்றன. கன்று நட அதுவே தோதான பருவமும்கூட.

7. மரமும் ஏரியும்

நடுவதைக் குறைத்துக் காப்பதைக் கூட்டுங்கள். ஆயிரம் கன்று நட்டோம் என்ற பேனரைவிட, இரண்டு கோடை தாண்டிய 20 புங்கன் பெரிது. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை இந்த மண்ணுக்குச் சரி. ஏரிக்கரைக்குப் பனை விதை. இரண்டடிக் குழி, ஆடு நுழையாத கூண்டு, ஒவ்வொரு கன்றுக்கும் எதிர்வீட்டுக்காரர் ஒருவரின் பொறுப்பு.

ஏரியில் இறங்கும் முன் அது யாருடையது என்று கேளுங்கள். நீர்வளத்துறையா, ஊராட்சியா, மாநகராட்சியா என்று ஏரிக்கு ஏரி மாறும். அனுமதியில்லாமல் பொக்லைன் இறக்கினால் மண் திருட்டு என்று புகார் போகும், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். முதலில் வரத்துக்கால்வாயை மண்வெட்டியால் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான ஏரிகளின் நோய் அங்கேதான். கணியம்பாடிப் பக்கம் நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறிஞ்சுகிணறுகளும் தடுப்புகளும் அமைத்து நிலத்தடி நீரை ஏற்றியதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்று மதக் கமிட்டிக்காரர்களையும் ஒரே வேனில் அழைத்துப் போனால், திரும்பும்போது பாதித் திட்டம் வேனிலேயே முடிந்திருக்கும்.

8. கசப்பான பேச்சு

டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை விஷயம் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டமாக நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் இந்தப் பகுதிக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கெட்டுப்போன நிலத்தடி நீர் வறட்சியில் இரட்டை அடி. ஆகவே இதை என்றைக்கும் பேசாமல் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் முதல் ஆண்டில் எடுக்காதீர்கள். எடுக்கும்போது, ஒரு சமுதாயத்தின் மேல் விரல் நீட்டும் பேச்சாக அது மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். முதலாளி, தொழிலாளி, தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, கண்டுகொள்ளாத அதிகாரி என்று எல்லா மதத்தாரும் அந்தச் சங்கிலியில் இருக்கிறார்கள். கிணறு கெட்ட விவசாயியையும் டேனரியில் வேலை பார்ப்பவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால் விஷயம் ஆலைக்கழிவைப் பற்றியதாகவே இருக்கும்.

தேர்தல் ஆண்டில் கட்சிக்காரர்கள் வருவார்கள். தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லுங்கள், மைக் கொடுக்காதீர்கள்.

9. பணம், அனுமதி, நோட்டு

அறநிலையத்துறைக் கோயிலில் செயல் அலுவலர் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாய்கூட மாற்ற முடியாது. வக்ஃபு சொத்தில் கட்டுமானம் என்றால் ஜமாத்தோடு வாரியமும் வரும். தேவாலயத்தில் திருமண்டலமோ மறைமாவட்டமோ. ஆகவே பொதுநிதி சேர்த்துக் கட்டடங்களில் செலவழிக்கும் வேலையை விடுங்கள். அவரவர் கட்டடச் செலவு அவரவருக்கு, தெருவிலும் ஏரியிலும் ஆகும் செலவு மட்டும் பொது. பொதுப் பணத்துக்கு மூன்று பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை மூன்று அறிவிப்புப் பலகையிலும் வரவு செலவு. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியரே இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர்; உங்கள் ஒரு பக்கக் கணக்குகளை அங்கே கொடுத்து வையுங்கள், கன்றும் அனுமதியும் கேட்கும்போது முகம் தெரிந்திருக்கும்.

கடைசியாக அந்த நோட்டு. போதகருக்கு மாற்றல் வரும், செயல் அலுவலருக்கும் வரும், இமாம் வேறு ஊருக்குப் போவார். புதிதாக வருபவருக்கு முந்தைய பேச்சு எதுவும் தெரியாது. அதனால் எந்த மரத்துக்கு யார் பொறுப்பு, தனியாக இருக்கும் முதியவர்கள் யார், வடிகட்டி மணலை எப்போது மாற்றினோம், கழிப்பறைச் சாவி யாரிடம் என்று எல்லாவற்றையும் எழுதி மூன்று நகல் எடுத்து மூன்று பொருளாளர்களிடம் கொடுங்கள். புதியவர் பொறுப்பேற்ற வாரமே மற்ற இரண்டு இடத்துக்காரர்களும் நோட்டோடு அவரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.